லைட்டு பிடிச்சுதா

திருவனந்தபுரத்தில் லைட் பார்க்கப் போகிறவர்கள் லைட்டைத்தான் பார்ப்பார்கள். எங்கள் ஆட்கள் பெண் பார்ப்பார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தது நேமத்து அத்தை, என் அப்பாவின் அக்கா. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுக்குத் தெரியும். வேண்டாம் என்று போய்விட்டால் தெருவுக்கே தெரியும். ஓணத்துக்கும் கிறிஸ்மஸுக்கும் கனகக்குன்னு அரண்மனைத் தோட்டத்தில் மரத்துக்கு மரம் லைட் போடுகிறார்கள். ஊரே குடும்பம் குடும்பமாக அங்கே போய்க் கிடக்கிறது. அந்தக் கூட்டத்தில் இரண்டு குடும்பம் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டால் யாருக்கு என்ன தெரியப்போகிறது? அத்தை தன் மூத்த மகளை அப்படித்தான் கரையேற்றினாள். அதற்குப் பிறகு சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் எங்கள் தமிழ்ச் சபைக் குடும்பங்கள் எல்லாம் அதையே பிடித்துக்கொண்டன.

"லைட்டு பாக்க வாறீங்களா?" என்று ஒரு வீட்டிலிருந்து போன் வந்தால், உங்கள் பெண்ணைப் பார்க்கலாமா என்று அர்த்தம். மறுநாள் "லைட்டு பிடிச்சுது" என்றால் சம்மதம். "நல்ல திரக்கு, ஒண்ணும் சரியா பாக்க முடியல" என்றால் வேண்டாம். திரக்கு என்பது கூட்டம். மலையாளத்திலிருந்து எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்காத சொல். முகத்தில் அடித்த மாதிரி யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் இதில் உள்ள சௌகரியம்.

எனக்கு இதுவரை ஆறு முறை திரக்காக இருந்திருக்கிறது.

என் பெயர் லிபி. முப்பத்தொரு வயது. கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் ஒரு கம்பெனியில் வேலை. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை எங்கே என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். வருஷம் முழுக்க நான் குற்றம் கண்டுபிடிக்கிறேன். ஓணத்துக்கும் கிறிஸ்மஸுக்கும் மட்டும் என்னிடம் குற்றம் கண்டுபிடிக்க ஆள் வருகிறது. ஆறு முறை போயும் நான் லைட் பார்த்ததில்லை என்றால் நம்ப மாட்டீர்கள். மேலே பார்க்கக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. "வாயப் பொளந்துட்டு நின்னா பாக்கியவங்க என்ன நெனப்பாவ?" என்பாள். அதனால் வந்தவர்களின் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். யார் வீட்டில் என்ன செருப்பு என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

ஆறிலும் நான்காவது முறைதான் எனக்கு ஆறவில்லை. நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஒரு குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நான் அங்கே இல்லாத மாதிரி அப்பாவிடம் சொன்னாள்: "போட்டோல நல்ல நிறமா இருந்தா. நேர்ல அம்புட்டு இல்ல."

அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. அப்படிப் பேசுகிறவர்கள் பேசத்தான் செய்வார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சிரித்தார். கடையில் சரக்கில் குறை சொல்லும் வாடிக்கையாளரிடம் சிரிக்கும் அதே சிரிப்பு. "தெனமும் வெயில்ல ஸ்கூட்டர் ஓட்டிட்டுப் போறா இல்லியா, அதாக்கும்," என்றார். "ரெண்டு மாசம் வீட்ல இருந்தா செரியாயிரும்."

செரியாயிருமாம்! துருப்பிடித்த கீலா நான், எண்ணெய் போட்டால் சரியாக? அந்த நிமிஷம் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என் பக்கம் நிற்க ஒரு ஆள் அங்கே இருந்தார், அவரும் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். அதற்கப்புறம் அப்பாவோடு பேசாமல் இல்லை. பேசுவேன், சாப்பாடு போடுவேன், கடைக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் போய்ப் பார்ப்பேன். ஆனால் அந்த ஒன்றை அவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மூன்று வருஷமாக அது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடக்கிறது.

போன கிறிஸ்மஸுக்கு மறுநாள் அப்பா கடையிலிருந்து சீக்கிரமே வந்தார். முகம் பூரித்திருந்தது. அம்மாவைக் கூப்பிட்டார்.

"செல்லபாய், நம்ம ஜெபசிங்கு போன் பண்ணினான். நாளைக்கு லைட்டு பாக்க வாறாவளாம். நம்மளையும் வரச் சொன்னான்."

அம்மா கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்தாள். ஜெபசிங் மார்த்தாண்டத்துக்காரர். பூட்டு, தாழ்ப்பாள் எல்லாம் மொத்தமாக அனுப்புகிறவர். அப்பாவின் இரும்புக் கடைக்கு இருபது வருஷமாக அவர் சரக்குதான்.

"அவருக்கு ஒரு பையன் உண்டே, கப்பல்ல," என்றாள் அம்மா.

"ரெஜி. லீவுல வந்திருக்கான். அவனையும் கூட்டிட்டு வாறாவளாம்."

"போட்டோ ஒண்ணும் குடுக்கலியே?"

"கிறிஸ்மஸுக்கு ஸ்டேட்டஸ் போட்டமில்லா, குடும்பத்தோட. அதப் பாத்திருப்பான்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் மடிக்கணினியை மூடினேன்.

"வாறேன்," என்றேன். "ஆனா இதுதான் கடைசிப்பா. இதுவும் திரக்குன்னு வந்தா, இனி எந்த லைட்டுக்கும் என்னக் கூப்பிடப்பிடாது. அத்தைக்கிட்டயும் சொல்லிருங்க."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "செரி மக்ளே," என்றார். அவர் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியம்தான். இந்தத் தடவை எப்படியும் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் அம்மா எனக்கு வெளிர் மஞ்சள் புடவையைக் கட்டிவிட்டாள். அது நிறத்தை எடுத்துக்காட்டுமாம். பவுடரைக் கழுத்து வரை அப்பினாள். கண்ணாடியில் பார்த்தால் முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. கடைசி முறைதானே என்று கடையின் ஆம்னி வேனில் ஏறி உட்கார்ந்தேன்.

மியூசியம் பக்கத்திலிருந்தே வண்டிகள் நகரவில்லை. வேனை ஒரு சந்தில் விட்டுவிட்டு நடந்தோம். வாசலில் டிக்கெட் வாங்க ஒரு வரிசை, உள்ளே போக ஒரு வரிசை. குழந்தைகளைத் தோளில் தூக்கிய அப்பாக்கள், பஞ்சுமிட்டாய், மைக்கில் யாரோ ஒருவருடைய கார் நம்பர். பெரிய லைட் மயிலுக்குப் பக்கத்தில் நிற்பதாக ஜெபசிங் சொல்லியிருந்தார். நான் வழக்கப்படி தலையைக் குனிந்துகொண்டேன்.

முதலில் தெரிந்தது ஒரு புது பாட்டா செருப்பு. ஜெபசிங் மாமா. அடுத்து ரப்பர் செருப்பு, அவர் மனைவி ஜெபமலர். பெண் பார்க்க ரப்பர் செருப்பில் வந்த முதல் ஆள் இவர்தான். மூன்றாவது, அழுக்கான கேன்வாஸ் ஷூ.

ஜெபமலர் மாமி நேராக வந்து என் தாடையைப் பிடித்துத் தூக்கினாள். மூக்கும் மூக்கும் முட்டுகிற மாதிரி அருகில் வந்து பார்த்தாள்.

"ரெண்டு கண்ணும் ஆப்பரேஷன் கழிஞ்சுது பிள்ளே," என்றாள். "ஆறு வருஷமா எல்லாம் பொகையாக்கும் எனக்கு. இப்பத்தான் எல்லாத்தையும் தெளிவா பாக்கேன்."

"நல்லா பாருங்க, நல்லா பாருங்க," என்றாள் என் அம்மா. எனக்குப் பவுடரின் ஞாபகம் வந்தது.

அப்பா தொண்டையைச் செருமினார். "பிள்ளைய ரெண்டும் ஒரு சுத்து சுத்திட்டு வரட்டும். நாம இங்க இருப்போம்." இது எல்லா முறையும் அவர் சொல்வதுதான், அத்தை கற்றுக்கொடுத்த வசனம். ஜெபசிங் மாமா "அதுக்கென்ன, போவட்டு," என்றார். அவர் பார்வை மயிலின் மேல் இருந்தது.

நானும் ரெஜியும் நடந்தோம். பையன் பார்க்க நன்றாகத்தான் இருந்தான். ஆனால் பத்தடி போவதற்குள் போனை எடுத்து, வீடியோ போட்டு, கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். "கண்டோ? இது ஆன. இனி ஒரு டன்னல் உண்டு, நில்லு, காட்டித் தராம்," என்று யானை, மான் வடிவ விளக்குகளை மலையாளத்தில் யாருக்கோ சொல்லிக் காட்டிக்கொண்டே வந்தான். போனிலிருந்து ஒரு பெண்ணின் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு என் பக்கம் திரும்பினான்.

"சேச்சி, கொஞ்சம் தள்ளி நிக்காமோ? மானு மறையுது."

சேச்சி! அக்கா என்று கூப்பிட்ட முதல் மாப்பிள்ளை. நான் தள்ளி நின்றேன்.

"யாரு போன்ல?" என்று கேட்டேன்.

"கெட்டப் போற பொண்ணு," என்றான், ஒளிவு மறைவில்லாமல். "மஸ்கட்டுல நர்ஸு. மே மாசம் கல்யாணம். அப்பா பத்திரிகை தரும்போ சேச்சிக்கும் வரும். அவளுக்கு லீவு கிடைக்கல, லைட்டு காணணும்னு ஒரே வாசி பிடிச்சு நிக்கா. அம்மைக்கும் கண்ணு செரியானதுலேருந்து இதே பேச்சு. அதான் எல்லாரும் கிளம்பி வந்தோம்."

"லைட்டு பார்க்கவா?"

"பின்னே?" என்றான் ரெஜி.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் பாஷை திருவனந்தபுரத்துச் சபைக்காரர்களின் பாஷை. மார்த்தாண்டத்துக்காரர்களுக்கு அது தெரியுமா என்று அப்பாவும் யோசிக்கவில்லை, அம்மாவும் யோசிக்கவில்லை, பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற நானும் யோசிக்கவில்லை. அந்த மனிதர் லைட் பார்க்க வாருங்கள் என்றார். லைட் பார்க்கத்தான் கூப்பிட்டார்.

இனி யாரும் என்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் தலை தானாக நிமிர்ந்தது. ஏழாவது முறையாக வந்த இடத்தில் முதல் முறையாக மேலே பார்த்தேன். மரங்களின் அடி முதல் கடைசிக் கிளை வரை பல்பு சுற்றியிருந்தார்கள். இரண்டு வரிசை மரங்களுக்கு நடுவே நீல விளக்குகள் மழை மாதிரி ஓடி இறங்கின. ஒரு யானை காதை ஆட்டியது. ஒரு காதில் பாதி எரியவில்லை, அது கண்ணில் பட்டுவிட்டது, தொழில் அப்படி. தொட்டி தொட்டியாகச் செவ்வந்தி. இத்தனையையும் வைத்துக்கொண்டு நான் ஆறு முறை செருப்பு பார்த்திருக்கிறேன். நானும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நன்றாக இருந்தது.

அப்போதுதான் அப்பாவின் ஞாபகம் வந்து திக்கென்றது. இந்நேரம் அவர் கேள்வியைக் கேட்டிருப்பார். பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கால்மணி நேரம் கழித்து "எப்படி, பிடிச்சுதா?" என்று கேட்பது அவர் வழக்கம். இருபது வருஷத்துப் பழக்கம் இதோடு நாறிப்போகும். ரெஜியை அவன் மஸ்கட்டோடு விட்டுவிட்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மயிலைப் பார்த்து ஓடினேன். கூட்டத்தை ஓட்டத்தில் பிளக்க முடியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது, சிமென்ட் பெஞ்சில் எனக்கு முதுகைக் காட்டி நான்கு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"செரி தம்பி," என்று அப்பா சொல்வது கேட்டது. "மனசுல உள்ளத மறைக்காம சொல்லணும். பிடிச்சுதா?"

ஜெபசிங் மாமா மயிலைப் பார்த்தபடி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார்.

"கொள்ளாம்ணே. குத்தம் சொல்லுகதுக்கில்ல. ஆனா உள்ளத சொல்லணுமில்லா. போட்டோல கண்டப்போ நல்ல நிறமா இருந்துது. நேர்ல அம்புட்டு இல்ல."

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். ஒரு சொல் மாறவில்லை. அவர் மயிலைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், எல்லாம் அதோடு முடிந்திருக்கும். நான் கொடுக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், வேண்டுமென்றேதான் கொடுக்கவில்லை. அப்பா இப்போது என்ன சொல்வார் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்தச் சிரிப்பு வரும், வெயில் வரும், ஸ்கூட்டர் வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன். அது வந்திருந்தால் அந்த மனிதரை நான் ஜென்மத்துக்கும் மன்னித்திருக்க மாட்டேன்.

அப்பா எழுந்தார். இருபது வருஷப் பழக்கம், கடைச் சரக்கு, எதையும் அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

"என்னலே கொறவு?" என்றார். எனக்குத் தெரிந்து அவர் யாரையும் பொது இடத்தில் லே போட்டுப் பேசியதில்லை. "இருபது வருஷமா எனக்க கடைக்கு வாறியே, எனக்க நிறம் என்னன்னு ஒனக்குத் தெரியாதா? நா கறுப்பு. எனக்க அப்பன் கறுப்பு. எனக்க மவளும் கறுப்பு. அது வெயில்ல வந்ததும் இல்ல, வீட்ல இருந்தா போறதும் இல்ல. எனக்க நிறமாக்கும் அது. நா குடுத்தது. ஒனக்குப் போட்டோதான் பிடிச்சுதுன்னா போட்டோவ கெட்டிட்டுப் போ!"

பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.  பெஞ்சுக்குப் பின்னால் நின்ற எனக்கு மூன்று வருஷமாக வராத அழுகை வந்தது. கழுத்துப் பவுடரில் கோடு கோடாக இறங்கியது.

 ஜெபசிங் மாமா மெதுவாகக் கையைத் தூக்கிக் காட்டினார்.

"அண்ணே. நா அந்த மயிலச் சொன்னேன்."

"மயிலா?"

"மயிலுதான். வாட்ஸப்புல படம் வந்துதில்லா, நல்ல பச்சையும் நீலமுமா. இங்க வந்து பாத்தா வெளிறிக் கெடக்கு. நீங்க லைட்டு பிடிச்சுதான்னுதானே கேட்டீங்க?"

அப்பா மயிலைப் பார்த்தார். ஜெபசிங் மாமாவைப் பார்த்தார். திரும்பும்போது என்னையும் பார்த்துவிட்டார்.

"அவிய ஆரக் கெட்டிட்டுப் போகச் சொல்லுதாவ?" என்று ஜெபமலர் மாமி கணவரைக் கேட்டாள்.

நான்தான் முன்னால் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அத்தையை, லைட்டை, திரக்கை, மே மாசக் கல்யாணத்தை. என் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மாமி முதலில் சிரித்தாள், பிறகு சிரிக்கக் கூடாதோ என்று நிறுத்தினாள், பிறகு முடியாமல் மறுபடி சிரித்தாள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து, "மனசுல வச்சுக்காத தம்பி, லேன்னு சொல்லிட்டேன்," என்றார். 

"அதெல்லாம் இல்லண்ணே," என்றார் ஜெபசிங் மாமா. மறுபடி மயிலை நிமிர்ந்து பார்த்தார். "ஆனா மயிலுக்கு நிறம் கொறவுதான். அதுல எனக்கு மாத்தமில்ல," என்றார் அவர்.

"ஆமா, கொறவுதான்," என்றார் அப்பா.

அதன்பிறகு ஏழு பேராக ஒரு சுற்று சுற்றினோம், ரெஜியின் போனிலிருந்த பெண்ணையும் சேர்த்து. ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். நான் முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன். அப்பா என் பக்கத்திலேயே நடந்தார்.  நீல விளக்குக் குகைக்குள் போகும்போது மட்டும் "பாத்து வா, வயரு கெடக்கு," என்றார்.

திரும்பும்போது வேன் பாளையம் சிக்னலில் நின்றது. அம்மா போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, பாம்பைப் பிடித்தவள் மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒங்க அக்காவாக்கும்," என்றாள் அப்பாவிடம். "என்ன சொல்லட்டு? திரக்குன்னு சொல்லிரவா?"

அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின் சீட்டிலிருந்து கையை நீட்டிப் போனை வாங்கினேன்.

"லிபியா? என்ன மக்ளே, லைட்டு பிடிச்சுதா?" என்றாள் அத்தை.

"பிடிச்சுது அத்தே. ரொம்பப் பிடிச்சுது."

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!" அத்தையின் சத்தம் வேன் முழுக்கக் கேட்டது. "எப்ப நிச்சயம்? மாப்பிள எப்படி இருக்கான்?"

"மாப்பிள இல்ல அத்தே," என்றேன். "எனக்கு அப்பாவத்தான் பிடிச்சுது."

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை, "என்னது, என்னது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சிக்னலில் பச்சை விழுந்தது. பின்னால் இருந்த வண்டிகள் ஹார்ன் அடித்தன. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். வேனை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.